வண்டி ஆடுது, சோறு வேகலை, தலை வலிக்குது: இருவராக பைக்கில் லடாக் போகிறவர்களுக்கு ஒரு கோளாறு நோட்டு

எங்கள் ஊர் நாமக்கல். ஊரை ஒட்டிப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஸ்ரீநகர் வரைக்கும் அதே சாலைதான். அங்கிருந்து சோஜி லா (லா என்றால் கணவாய்), கார்கில், லே. மொத்தம் சுமார் 3,700 கிலோமீட்டர். ஒரே பைக், நான், வீட்டுக்காரர், ஒரு டென்ட், ஒன்றரை லிட்டர் குக்கர். லேயிலிருந்து சாங்தாங் வெட்டவெளியில் சில இரவுகள் தங்கிவிட்டு மணாலி வழியாக இறங்கினோம்.

வழி நெடுக ஒரு நாற்பது பக்க நோட்டில் கோளாறுகளை எழுதிக்கொண்டே வந்தேன். என்ன தெரிந்தது, என்ன செய்தோம், கடைசியில் காரணம் எது என்று மூன்று வரி. ஊருக்கு வந்து புரட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கோளாறு தெரிந்த இடத்தில் காரணம் இருந்தது குறைவு. பெரும்பாலும் அது முந்தின நாள் சாயங்காலத்தில் இருந்தது: எப்படி மூட்டை கட்டினோம், எங்கே தூங்கினோம், எதற்குச் சார்ஜ் போட்டோம். அதனால் கீழே எந்தத் தலைப்பைப் படித்தாலும், ஸ்பேனரை எடுக்கும் முன் நேற்றைய நாளை ஒருதரம் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள்.

முதல் தலைப்பு மட்டும் உயிர் சம்பந்தப்பட்டது. மற்றவற்றை வரிசை மாற்றிப் படித்தாலும் பாதகமில்லை.

தலை வலிக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை

3,000 மீட்டருக்கு மேலே வரும் தலைவலியை, வேறு காரணம் தெரியும்வரை உயரத்தால் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இறுக்கம், வெயில், தண்ணீர் குடிக்காதது எல்லாமே தலைவலி தரும்தான். ஆனால் அதெல்லாம் ஹெல்மெட்டைக் கழற்றி, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்தால் குறைந்துவிடும். குறையவில்லை, கூடவே குமட்டல், அசதி, சோற்றைக் கண்டாலே வெறுப்பு, ராத்திரி தூக்கம் வராதது என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் உயரம்தான்.

பார்க்க வேண்டியது ஒன்றே: நேற்று எத்தனை மீட்டரில் தூங்கினீர்கள், முந்தாநாள் எத்தனை மீட்டரில்? 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் கணவாய் ஏறி இறங்குவது இதில் சேராது. தூங்கும் இடம்தான் கணக்கு.

நாங்கள் லேயில் (3,500 மீட்டர்) மூன்று இரவு இருந்தோம். அடுத்தது ரும்ட்சே, சுமார் 4,200. ஒரே மூச்சில் 700 கூடுகிறதே என்று அங்கே இரண்டு இரவு போட்டிருந்தோம். முதல் இரவு நன்றாகத் தூங்கி எழுந்ததும் திமிர் வந்துவிட்டது. "வானம் பளிச்சுனு இருக்குது அம்மிணி, இன்னைக்கே தாண்டிரலாம்" என்றார் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். 5,328 மீட்டர் தங்லங் லாவை ஏறி இறங்கி, சோ கார் ஏரிப் பக்கம் 4,500 மீட்டரில் டென்ட் போட்டோம். ராத்திரி எட்டு மணிக்கு நெற்றியைப் பிடித்துக்கொண்டு "ஒன்னுமில்லை, ஹெல்மெட் டைட்டு" என்றார். நான் கிண்டிய உப்புமாவில் இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. உப்புமாவை வேண்டாம் என்று சொல்லும் ஆளே இல்லை அவர். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

லேசான தலைவலி என்றால் செய்ய வேண்டியது: மேலே ஏறாதீர்கள். அங்கேயே இருங்கள். தண்ணீர், கஞ்சி, ஓய்வு. சாராயம் வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். ஒரு நாளில் தெளிந்தால் சரி. கூடினால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமலில் சளியும் நுரையும் வருகிறது, பேச்சு குழறுகிறது, குடிகாரர் மாதிரி தள்ளாடுகிறார் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே வண்டி பிடித்து இறங்குங்கள். பைக்கில் அல்ல, காரில். பைக் எங்கும் ஓடிப்போகாது.

இதைக் கண்டுபிடிக்க இருவராகப் போனால் ஒரு வசதி: தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை மற்ற காலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாமல் கோட்டைவிட்டுச் சாய்ந்தால் ஆபத்து. அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுப்பி நடக்க வைத்தேன். திட்டிக்கொண்டே நேராக நடந்தார். மறுநாள் முழுக்க அசையாமல் அங்கேயே இருந்தோம், சாயங்காலம் பசிக்கிறது என்றார்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. சோ காரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இறங்குவதற்கு முன்னால் ஒரு கணவாயை ஏறித்தான் ஆக வேண்டும். பாங் முகாமும் அப்படியே. ஒரு பக்கம் லாச்சுலுங் லா, மறுபக்கம் தங்லங் லா. உடம்பு முடியாதவரை மேலும் ஏற்றித்தான் இறக்க முடியும். அதனால் டென்ட் அடிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காட்சியைப் பார்ப்பதற்கு முன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு இங்கிருந்து எந்தப் பக்கம் இறங்குவோம் என்று பாருங்கள். பக்கத்தில் துக்ஜே கிராமத்தில் ஒரு வீட்டில் வண்டி இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு வைத்திருந்தோம். அன்றைக்கு நாங்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான்.

மணாலியிலிருந்து ஏறுகிறவர்களுக்குப் பொறி சர்ச்சுவில். 2,050 மீட்டரிலிருந்து கிளம்பி முதல் நாளே 4,300 மீட்டரில் போய்ப் படுப்பார்கள். இடையில் ஜிஸ்பாவில் ஓரிரு இரவு தங்கிப் போங்கள். முடிந்தால் எங்களைப் போல ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குங்கள், உயரம் படிப்படியாகக் கூடும். உயரத்தால் வரும் கோளாறைத் தடுக்கும் அசிட்டசோலமைட் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையடக்க ஆக்ஸிஜன் டப்பா சில நிமிஷங்களுக்குத்தான் வரும். அதை நம்பி மேலே ஏறாதீர்கள்.

எழுபதைத் தாண்டினால் ஹேண்டில் ஆடுகிறது

இது கிளம்பிய முதல் நாளே, ஓசூர் தாண்டுவதற்குள் வந்துவிட்டது. ஹேண்டில் இடவலமாகச் சின்னதாய் நடுங்கும், வேகம் குறைத்தால் நிற்கும். ஆடும்போது பிரேக்கைப் பலமாக மிதிக்காதீர்கள், ஹேண்டிலோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டு ஓரங்கட்டுங்கள்.

முதலில் காற்று. வண்டிப் புத்தகத்தில் தனியாகப் போனால் ஓர் அளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஓர் அளவு என்று போட்டிருக்கும். எங்கள் வண்டிக்குப் பின் டயரில் தனியாக 32, இருவருக்கு 34. டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும்.

காற்று சரியென்றால் மூட்டையை அவிழ்க்க வேண்டியதுதான். நாங்கள் கிளம்பும் முன் மூட்டைகளைத் தெருக்கோடி அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 46 கிலோ. எங்கள் இருவர் எடை, ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் கூட்டினால் வண்டி தாங்கும் எடைக்கு ஓரளவு உள்ளேதான் வந்தது. கோளாறு எடையில் இல்லை, எடை இருந்த இடத்தில். பத்து லிட்டர் தண்ணீர் கேனைப் பின்பெட்டிக்கு மேலே கட்டியிருந்தோம். பின் சக்கர அச்சுக்கும் பின்னால், எங்கள் தோள் உயரத்தில் பத்து கிலோ உட்கார்ந்தால் முன் சக்கரம் தரையை லேசாகத்தான் தொடும். பிறகு ஆடாமல் என்ன செய்யும்?

மாற்றிக் கட்டினோம். தண்ணீர், டூல்ஸ், குக்கர் ஆகியவை டேங்க்கின் இரு பக்கமும் தாழ்வாக. டென்ட்டும் அரிசி பருப்பும் பக்கவாட்டுப் பைகளில், இரண்டு பக்கமும் எடை சமமாக. பின்பெட்டிக்கு மேலே ஸ்லீப்பிங் பேக் மட்டும், அது பஞ்சு மாதிரி. ஆட்டம் பாதிக்கு மேல் நின்றது.

மீதிக்குக் காரணம் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். 'டக்' என்று கையில் தட்டினால் லூசு. தட்டாமல், ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் பல்லில் விழுவது மாதிரி ஒரு பிடிப்பு வந்தால் கோன் செட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். எங்களுடையது லூசு மட்டும். அனந்தபூரில் ஒரு மெக்கானிக் கால் மணி நேரத்தில் டைட் பண்ணிவிட்டார்.

ஹேண்டில் ஆடவில்லை, பின்பக்கம் மட்டும் வாத்து மாதிரி ஆடுகிறது

பஞ்சர். நிறுத்திப் பாருங்கள். இதில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். "ஏனுங்க, யாரோ பின்னாடி இருந்து ஆட்டற மாதிரி இருக்குது" என்று நான் சொன்னால் அவர் மறுபேச்சில்லாமல் ஓரங்கட்டுவார். ஒருதரம் கேட்காமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி டியூபைக் கிழித்த அனுபவம் பேசுகிறது.

ஸ்போக்ஸ் சக்கரம், டியூப் டயர் என்றால் வேலை கொஞ்சம் பெரிது. மூட்டை முழுக்க இறக்க வேண்டும். பின் சக்கரத்தைக் கழற்றும் முன், செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டயரை ரிம்மிலிருந்து விடுவிக்க லீவரைப் போட்டு நெம்பும்போது, எதிர்ப்பக்கத்து டயர் விளிம்பை முழங்காலால் மிதித்து ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிவைக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைத்தால் லீவர் சுலபமாக ஏறும், கிடைக்காவிட்டால் இரண்டு பேர் தொங்கினாலும் ஏறாது. ஒருவர் மிதிக்க, ஒருவர் நெம்ப. இதற்கு இருவர் இருப்பது வரம்.

புது டியூப் போடும் முன் டயருக்குள்ளே ஒரு பருத்தித் துணியை வைத்து முழுச்சுற்று தடவுங்கள். முள்ளோ கம்பியோ இருந்தால் துணி மாட்டும். விரலால் தடவினால் விரல் கிழியும். டியூபில் கொஞ்சம் காற்றடித்து உருட்டி வைத்தால் லீவர் கடிக்காது. நாங்கள் முன் சக்கரத்து 21 அங்குல டியூப் ஒன்றுதான் கூடுதலாக வைத்திருந்தோம். அதை 17 அங்குலப் பின் டயருக்குள்ளும் திணித்து அடுத்த ஊர் போய்ச் சேரலாம். நிரந்தரமாக அல்ல.

இன்னொரு சந்தேகம் வரும்: நாமக்கல் வெயிலில் அடித்த காற்று லடாக்கில் என்ன ஆகும்? குளிரில் டயருக்குள் அழுத்தம் குறையும். வெளியே காற்று மெலிந்திருப்பதால் அளவுகோல் கூடக் காட்டும். 4,700 மீட்டரில் இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துவிடுகின்றன. அங்கே நாங்கள் அளந்தபோது 35 காட்டியது. சும்மா விட்டுவிட்டோம்.

ஏற்றத்தில் இழுக்கவில்லை

ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் சத்தம் ஏறுகிறதா, ஏறவில்லையா? சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடை வரும். லீவரில் கொஞ்சமாவது லூசு இருக்கிறதா என்று பாருங்கள், கேபிள் விறைத்திருந்தால் தளர்த்துங்கள், ஆறவிடுங்கள்.

சத்தமே ஏறவில்லை, ஆனால் சீராக ஓடுகிறது என்றால் அது கோளாறே இல்லை. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தி போகும். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. நமக்கே மூச்சு வாங்கும்போது அதற்கு வாங்காதா? ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் மிஞ்சிப்போய்க் கறுப்புப் புகை வரும், பிளக் கரிபிடிக்கும். பிளக்கைக் கழற்றித் துடையுங்கள், ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

தங்லங் லா ஏற்றத்தில், தார் பெயர்ந்த ஓர் இடத்தில் என்னை இறங்கி நடந்து வரச் சொன்னார். அறுபது அடி நடந்தேன், ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்த உயரத்தில் ஆளை இறக்கிவிடுவதைவிட முதல் கியரில் பொறுமையாக உருட்டுவது மேல்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

கில் ஸ்விட்ச், அதாவது ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கும் பொத்தான். முதலில் அது. சிரிக்காதீர்கள், டேங்க் பையின் வார் அதை ராத்திரியே தட்டிவிட்டிருந்தது. நாங்கள் நாற்பத்தைந்து நிமிஷம் பேட்டரி, ஃபியூஸ், பிளக் என்று பிரித்து மேய்ந்தோம். அடுத்தது சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச், சேறு உறைந்து மாட்டியிருக்கும். அதற்கடுத்தது கிளட்ச் லீவரை முழுசாகப் பிடித்திருக்கிறோமா.

செல்ஃப் தேய்ந்த குரலில் முனகினால் பேட்டரி. குளிரில் அதன் பலம் குறையும். முந்தின இரவு இன்ஜின் ஓடாமல் அதிலிருந்து இரண்டு போன், ஒரு கேமரா சார்ஜ் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். போனை வண்டி ஓடும்போது சார்ஜ் போடுங்கள். ஸ்டார்ட்டரை ஐந்து நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள், அரை நிமிஷம் விட்டு மறுபடி. வெயில் ஏறக் காத்திருப்பதும் ஒரு வைத்தியம்தான்.

எங்கள் ஊர் லாரி டிரைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வது இது: ராத்திரி வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்துவது. 4,500 மீட்டரில் பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண யாருக்கும் மூச்சு இருக்காது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டால் இருபதடியில் பிடித்துக்கொள்ளும். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள், இல்லாவிட்டால் மணலில் புதைந்து காலையில் வண்டி படுத்திருக்கும்.

பெட்ரோல் கணக்கு உதைக்கிறது

மணாலி பக்கம் டாண்டி பங்க்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும் பலகை பெயர்போனது. லேயிலிருந்து வருகிறவர்கள் காருவில் நிரப்பிக்கொண்டால் டாண்டி வரை சுமார் 330. எங்கள் டேங்க் 15 லிட்டர். சமவெளியில் லிட்டருக்கு 30 கொடுத்த வண்டி, இருவரும் மூட்டையும் எதிர்காற்றுமாக 24-க்கு இறங்கியது. 360 கிலோமீட்டர். சோ கார் சுற்றெல்லாம் சேர்த்தால் பற்றாது. ஐந்து லிட்டர் கேன் கட்டாயம்.

கேன் பலூன் மாதிரி உப்பியிருந்தால் பயப்படாதீர்கள். கீழே மூடியது, மேலே வெளிக்காற்று குறைவு. இன்ஜின் ஆறியபின், முகத்தை விலக்கி மூடியை மெதுவாகத் திருகுங்கள். மாமியார் கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டில் இந்தப் பாடத்தைச் சோஜி லாவிலேயே நடத்திவிட்டது. நல்லெண்ணெய் முழுக்க என் ஸ்வெட்டரில். லே வரைக்கும் கோயில் பிரசாதம் மாதிரி மணத்துக்கொண்டு போனேன்.

சோறு வேகவில்லை

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அரை மணி நேரம் கழித்தும் அரிசி நறுக் நறுக்கென்று இருக்கும். அடுப்பின் மேல் பழி போடுவோம். காரணம் தண்ணீர். லேயில் அது சுமார் 88 டிகிரியிலும் மோர் சமவெளியில் சுமார் 84 டிகிரியிலும் கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது, ஆவிதான் கூடுதலாகப் போகும். (பெயர்தான் மோர் சமவெளி. மோர் இருக்கட்டும், குடிதண்ணீருக்கே அலைய வேண்டும்.) திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது.

அதனால்தான் ஒன்றரை லிட்டர் குக்கர். ஒரு கிலோவுக்கு மேல் எடை, வீட்டுக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். மூடி வெயிட் போட்டுவிட்டால் அந்த உயரத்திலும் உள்ளே 110 டிகிரியைத் தாண்டும். விசிலை எண்ணாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். வீட்டில் வைப்பதைவிட ஐந்தாறு நிமிஷம் கூட. கேஸ்கெட் குளிரில் விறைத்து ஆவி பக்கவாட்டில் போனால், கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுங்கள். புழுங்கல் அரிசியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பச்சரிசி கொண்டுபோங்கள், சீக்கிரம் வேகும். குக்கரைத் தூக்க மனமில்லாதவர்களுக்கு அவல் இருக்கிறது. நனைத்தால் போதும்.

தீயே மெலிந்துபோகிறது என்றால் கேஸ் கேன். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் கேனில் பெரும்பாலும் பியூட்டேன்தான் இருக்கும். குளிரக் குளிர அது ஆவியாவது குறையும், எரிய எரிய கேனும் ஜில்லிட்டுப் போகும். ராத்திரி கேனை ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். சமைக்கும்போது கேனை ஒரு தட்டு வெதுவெதுத் தண்ணீரில் நிறுத்தலாம், கை பொறுக்கும் சூடுதான், அதற்கு மேல் கூடாது. ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்த கேன் கிடைத்தால் அதுவே நல்லது. பாட்டி காலத்துப் பம்ப் ஸ்டவ் குளிருக்கு அசையாது, ஆனால் மூட்டை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. அடுப்பிலேயே இருக்கும் பொத்தான் லைட்டர் மேலே பல நேரம் பொறி விடாது. சிவகாசித் தீப்பெட்டி நான்கை பாலித்தீனில் சுற்றி வையுங்கள்.

குளிருகிறதே என்று டென்ட்டை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு பற்றவைக்காதீர்கள். வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே முடித்துவிடும்.

டென்ட்டுக்குள் மழை பெய்கிறது

மேலே வானம் துடைத்துவிட்ட மாதிரி, உள்ளே சொட்டுச் சொட்டாக விழுகிறதா? உங்கள் மூச்சுதான். இரண்டு பேர் விடும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகி, விடியற்காலையில் பனித்தூளாகி, டென்ட்டை அசைத்தால் முகத்தில் கொட்டும். காற்றுப் போகும் வலைகளை இரண்டு பக்கமும் திறந்துவிடுங்கள். குளிரும்தான், ஆனால் நனைந்த குளிரைவிட உலர்ந்த குளிர் எவ்வளவோ மேல். ஈர ஜாக்கெட், ஷூ வெளியே, கட்டிய பாலித்தீன் பைக்குள். ஒரே மூலையில் மட்டும் ஈரம் என்றால் தையல் ஓட்டை.

முளை பிடுங்கிக்கொள்கிறது என்றால் மண் அப்படி. எவ்வளவு ஆழமாக அடித்தாலும் மணலில் நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். பிற்பகலில் அங்கே காற்று அடிப்பது நிச்சயம், டென்ட்டின் குறுகிய பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும். காற்றுக்கு மறைப்பாக பைக்கை ஒட்டி நிறுத்தாதீர்கள், சாய்ந்தால் நேரே உங்கள் மேல்.

சோ கார் கரையில் டென்ட் போடக் கூடாது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2020-ல் சேர்ந்த இடம் அது, கருங்கழுத்துக் கொக்குகள் கூடு கட்டும் இடம். கிராமத்து ஆட்களிடம் கேட்டால் எங்கே போடலாம் என்று காட்டுவார்கள். அந்தப் பக்கம் தெருநாய்க் கூட்டம் அதிகம், சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைக்காமல் வண்டிப் பெட்டியில் பூட்டுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் கனமானதுதான், ஆனாலும் குளிருகிறது

கீழிருந்து ஏறுகிறது. முதுகுக்கு அடியில் நசுங்கிய பஞ்சு சூட்டைப் பிடிக்காது, பாய்தான் பிடிக்கும். ஃபோம் பாய்க்கு அடியில் ஜாக்கெட்டுகளை விரியுங்கள். உலர்ந்த காலுறை, வெந்நீர் நிரப்பிய பாட்டில், படுக்கும் முன் நாலு வாய் வெல்லமும் கடலையும். இரண்டு பைகளை ஜிப்பால் இணைத்தால் சூடாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். தோளுக்கு நடுவே வரும் சந்தில் காற்று புகுந்துகொண்டே இருக்கும். இரண்டாம் நாளே பிரித்துக்கொண்டோம், பைகளைத்தான்.

போன் சிக்னல் இல்லை

தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் ஜம்முவிலும் லடாக்கிலும் எடுக்காது. போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு போங்கள்.

ஓடை நடுவில் வண்டி நின்றுவிட்டது

உடனே செல்ஃபை அமுக்காதீர்கள். கரைக்குத் தள்ளி, ஏர் ஃபில்டர் நனைந்ததா பாருங்கள். உலர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யலாம். நனைந்திருந்தால் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றியபின்தான். காரணம், ஓடையைக் கடந்த நேரம். மேலே பனி உருக உருக, காலையில் கணுக்கால் அளவு இருக்கும் ஓடை மூன்று மணிக்கு முழங்காலைத் தொடும்.

செயின் கடகடக்கிறது

500 கிலோமீட்டருக்கு ஒருதரம் துடைத்துச் செயின் லூப் எண்ணெய் போட்டால் பாதிச் சத்தம் வராது. செயின் லூசை, நீங்கள் இருவரும் மூட்டையோடு உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாரம் ஏறி ஷாக் அமுங்கும்போது செயின் விறைக்கும்.

இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது

இன்டர்காம் வேலை செய்கிறது, இருவரும் பேசவில்லை. கடைசியாகப் பேசியது "நான் அப்பவே சொன்னேன்" என்பதாக இருக்கும். எங்கள் நோட்டில் இது ஏழு தரம் பதிவாகியிருக்கிறது. ஏழில் ஆறு, மத்தியானம் சாப்பிடாமல் ஓட்டிய நாள். மீதி ஒன்று நாக்பூர் தாண்டி, இருட்டியபின் டென்ட் போட இடம் தேடிய நாள்.

வைத்தியம்: யார் சரி என்ற விசாரணையை ஒத்திவைத்து எதையாவது தின்னுங்கள். அதற்கப்புறமும் கோபம் இருந்தால் அது நிஜக் கோபம், தனியாகப் பேசிக்கொள்ளலாம். நாலு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை என்று ஜான்சியில் உட்கார்ந்து முடிவு செய்தோம். அப்புறம் நோட்டில் இந்த வரி ஒருதரம்தான் வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு வலி, சொல்லாவிட்டால் எரிச்சலாகத்தான் வெளியே வரும்.

இறக்கத்தில் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

பாராலாச்சா லாவிலிருந்து ஜிஸ்பா வரைக்கும் 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். கால்வாசி தூரம் இறங்கியதும் பின் பிரேக் பெடல் அடிவரை போனது. பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டியதால் டிஸ்க் சுட்டு, பிரேக் ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நின்றுவிட்டது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால் சீக்கிரம் கொதிக்கும். எங்களுடையதை மாற்றி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிளம்பும் முன் மாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் அது இருந்தது, அடித்து வைத்திருந்தோம்.

அப்படி ஆனால் முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, இரண்டாம் கியருக்கு இறக்கி, இன்ஜினை வைத்தே வேகத்தைக் குறைத்து நில்லுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். ஆறினால் பெடல் தானாகக் கெட்டியாகும். அதற்குப் பிறகும் இன்ஜின் பிரேக்கில்தான் இறங்க வேண்டும். ஊர் வந்ததும் ஆயில் மாற்ற வேண்டும்.

ஜிங்ஜிங்பாரில் ஒரு டென்ட் டீக்கடை இருந்தது. எங்கிருந்து என்று கேட்டார் கடைக்காரர். நாமக்கல் என்றால் தெரியாதே என்று கன்னியாகுமரிப் பக்கம் என்றோம். வண்டியையும் எங்களையும் ஒருதரம் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டாவது டீ ஊற்றினார். அதைக் குடித்து முடித்து வீட்டுக்காரர் பெடலை மிதித்துப் பார்த்தார். பாதியில் நின்றது. இன்னொரு டீ சொன்னோம்.